நோக்கியா ஆலையை மூடியது வரியா? 2014 அக்டோபர் அறிவிப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியதற்கு வருமான வரித் துறையே காரணம் என்ற கருத்து, இந்தியத் தொழில் கொள்கை பற்றிய எழுத்துகளில் ஏறக்குறைய முடிந்த முடிவாக வழங்கி வருகிறது. முதலீட்டாளரை வரியால் விரட்டியதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? ஆய்வாளர்களின் கை உடனே நீள்வது நோக்கியாவை நோக்கித்தான். ஒரகடம் வரை நீளும் தொழில் தடத்தின் டீக்கடைகளிலும் கம்பெனி பஸ்களிலும் இதே கருத்தைக் கேட்கலாம். இக்கருத்து எந்தச் சான்றின் மேல் நிற்கிறதோ, அந்தச் சான்றே அதைத் தாங்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்தச் சான்று, உற்பத்தியை நிறுத்தப் போவதாக 2014 அக்டோபரில் நோக்கியா வெளியிட்ட அறிவிப்பு. அது இரண்டு செய்திகளைச் சொல்கிறது. முதலாவது, மைக்ரோசாஃப்ட் தன் கொள்முதல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறது. ஆர்டர் இல்லாததால் நவம்பர் 1 முதல் கைப்பேசி உற்பத்தி நிறுத்தப்படுகிறது. இரண்டாவது, வரித் துறை சொத்துகளை முடக்கி வைத்திருப்பதால், ஆலையை வேறொருவருக்குக் கைமாற்றி நடத்தச் செய்யும் வழியும் அடைபட்டிருக்கிறது. இதுவரையிலான ஆய்வுப் போக்கு இவ்விரண்டையும் ஒரே காரணமாகப் பிணைத்து, வரி வந்தது, முடக்கம் வந்தது, ஆலை மூடியது என்று படிக்கிறது. அறிவிப்பு அப்படிச் சொல்லவில்லை. உற்பத்தி நின்றதற்கு அது தரும் காரணம் ஆர்டர் வராதது. முடக்கத்தை அது சொல்வது, நின்ற பிறகு ஆலையை ஏற்று நடத்த ஆள் கிடைக்காததற்கு. வாங்குபவர் இல்லாததற்கும் வாங்கப்பட வேண்டிய நிலை வந்ததற்கும் ஒரே காரணம் இருந்தாக வேண்டியதில்லை.

ஒரு நிறுவனம் தன் அறிவிப்பில் எதை முன்னால் வைக்கிறது, எதைப் பின்னால் வைக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் வரலாறு எழுத முடியாதுதான். எனவே அறிவிப்புக்கு வெளியே சென்று பார்ப்போம்.

மறுதரப்பின் வலுவான வாதம் இது: சொத்து முடக்கம் இல்லாதிருந்தால் ஆலை மைக்ரோசாஃப்டின் கைக்குப் போயிருக்கும், போயிருந்தால் பிழைத்திருக்கும். இதன் முதல் பாதியை மறுக்க வேண்டியதில்லை. நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக 2013 செப்டம்பர் 3 அன்று அறிவிக்கப்பட்ட விற்பனையில் ஸ்ரீபெரும்புதூரும் சேர்ந்திருந்தது. 2013 டிசம்பர் 12 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் கடும் நிபந்தனைகளோடு கைமாற்றத்துக்கு வழிவிட்டது. 2014 மார்ச் 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்நிபந்தனைகளைத் தளர்த்த மறுத்து, ரூ. 3,500 கோடிக்கு உத்தரவாதம் கேட்டது. ஏப்ரல் 25 அன்று விற்பனை நிறைவேறியபோது ஸ்ரீபெரும்புதூர் அதற்கு வெளியே நின்றது. மைக்ரோசாஃப்டுக்குக் குறுகிய கால ஒப்பந்தத்தில் கைப்பேசி செய்து கொடுக்கும் ஆலையாயிற்று.

சிக்கல் இரண்டாம் பாதியில். ஹங்கேரியின் கோமாரோம் ஆலை தடையின்றி மைக்ரோசாஃப்டிடம் சென்றது. அங்கே இத்தகைய முடக்கம் இல்லை. மூன்றே மாதத்தில், 2014 ஜூலை 17 அன்று, 18,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது கோமாரோமையும் மூடப் போவதாகச் சொன்னது. பெய்ஜிங், டொங்குவான் ஆலைகளும் முறையாகக் கைமாறியவையே. 2015 தொடக்கத்தில் அவற்றின் கதையும் முடிந்தது. உற்பத்தியின் பெரும்பகுதி ஹனோய்க்குப் போனது. விற்பனைக்கு முன்பே நோக்கியா ஆலைகள் இதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தன. ஜெர்மனியின் போகும் (Bochum) நகர ஆலையை 2008இல் மூடி, வேலையை ருமேனியாவின் க்ளூஜுக்குக் கொண்டுபோனார்கள். க்ளூஜை மூடும் அறிவிப்பு 2011இல் வந்தது. 2012இல் தாய்நாடான ஃபின்லாந்தின் சாலோவுக்கும் அதே கதி. சாலோவை எந்த வரி அதிகாரி விரட்டினார்?

ஸ்ரீபெரும்புதூரில் என்ன தயாரானது என்பதும் இங்கே முக்கியம். அது பெரும்பாலும் விலை குறைந்த பட்டன் போன்களும் ஆஷா வரிசையும் செய்த ஆலை. ஜூலை அறிவிப்போடு ஆஷாவையும் எஸ்40 வரிசையையும் மேற்கொண்டு வளர்ப்பதில்லை என மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது. ஆலையின் சரக்குக்கே சந்தை வேண்டாம் என்று உரிமையாளர் சொல்லிவிட்ட பிறகு, ஆலை யார் பெயரில் இருந்தால் என்ன?

ஹனோய்க்குப் போன வேலை ஸ்ரீபெரும்புதூருக்கு வந்திருக்கலாமே என்று கேட்கலாம். முற்றாக மறுக்க இயலாத கேள்வி இது ஒன்றுதான். ஆனால் ஹனோய் 2013இல் திறந்த புத்தம் புதிய ஆலை. ஐந்தாறு ஆலைகளில் ஒன்றிரண்டே பிழைத்த ஓர் ஆட்டத்தில், நம் ஆலை நிச்சயம் பிழைத்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு, பிழைக்காததற்கு மட்டும் காரணம் தேடுவது ஆய்வு முறை ஆகாது.

இனி ஸ்ரீபெரும்புதூர் ஆலை இருந்த அதே தொழிற்பூங்காவுக்குள் வேறு இரண்டு கட்டடங்களைப் பார்ப்போம். நோக்கியாவுக்கு உதிரிகள் செய்த ஃபாக்ஸ்கானின் பிரிவு 2014 டிசம்பரில் கதவை மூடியது. அதன் சொத்தை யாரும் முடக்கவில்லை. நோக்கியாவுக்கு சார்ஜர் செய்த சால்காம்ப் மூடவில்லை. வேறு வாடிக்கையாளர்களைப் பிடித்துக்கொண்டது. பூங்கா ஒன்று, மாநில அரசு ஒன்று, வரிச் சட்டம் ஒன்று. வேறுபட்டது ஆர்டர் கொடுத்த கை. இந்த ஒப்பீடு இதுவரை செய்யப்படாதது எனக்கு வியப்பே. ஒருவேளை ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களுக்கு நோக்கியா அளவுக்குத் தலைப்புச் செய்தி கிடைக்காததால் இருக்கலாம்.

வரிக் கோரிக்கை நியாயமானது என்று நான் வாதிடவில்லை. அது எழுந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது. லைனில் பலகையில் சில்லுகள் பொருத்தப்பட்டு, திரையும் மூடியும் சேர்ந்து வரும் போன், மென்பொருள் ஏற்றும் வரை உயிரற்ற பொருள். அந்த மென்பொருள் ஃபின்லாந்துத் தாய் நிறுவனத்திடமிருந்து வந்தது. அதற்கு இந்திய நோக்கியா பணம் அனுப்பியது. அனுப்பிய பணம் ராயல்டி, ஆகவே பிடித்தம் செய்திருக்க வேண்டும் என்றது வரித் துறை. 2013 ஜனவரியில் ஆலையில் சோதனை நடந்தது, மார்ச்சில் ரூ. 2,000 கோடிக்கு மேற்பட்ட கோரிக்கை வந்தது. திரையை வாங்குவது போல் மென்பொருளையும் சரக்காகவே வாங்கினோம், பதிப்புரிமை எதையும் பெறவில்லை என்றது நிறுவனம். 2012 நிதிச் சட்டம் ராயல்டி பற்றிய விளக்கங்களை 1976 ஜூன் 1 முதல் செல்லும்படி நுழைத்திருந்தது துறைக்குத் துணையாயிற்று. 2021 மார்ச் 2 அன்று, வேறொரு வழக்குத் தொகுதியில், இத்தகைய மென்பொருள் கொள்முதல் ராயல்டி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோரிக்கையின் சட்ட அடித்தளம் பலவீனமானது என்பதை இதற்கு மேல் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் தவறான கோரிக்கை என்பதும் ஆலையை மூடிய கோரிக்கை என்பதும் ஒன்றல்ல. முதலாவதை நிறுவிவிட்டு இரண்டாவதும் நிறுவப்பட்டதாக எண்ணிக்கொள்வதே இதுவரையிலான ஆய்வுகளின் வழக்கமாகியிருக்கிறது.

அப்படியானால் வரியே காரணம் என்ற வாசிப்பு ஏன் இவ்வளவு எளிதாக வேரூன்றியது? 2014 தேர்தலில் பாரதிய ஜனதா கட்சியின் அறிக்கையே 'வரிப் பயங்கரவாதம்' பற்றிப் பேசியது ஒரு பகுதி விடை. ஒரு நாட்டு மக்களின் வரி மனப்பான்மை அவர்கள் பண்பாட்டிலிருந்து வருகிறது, ஆங்கிலேயர் ஒருவிதம், அமெரிக்கர் ஒருவிதம், நாம் ஒருவிதம் என்று சொல்வோரும் உண்டு. இது எனக்கு உடன்பாடில்லை. அதே காலத்துப் பிரிட்டனைப் பாருங்கள். 2012 நவம்பரில் மார்கரெட் ஹாட்ஜ் தலைமையிலான நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு ஸ்டார்பக்ஸ், அமேசான், கூகுள் நிறுவனங்களை அழைத்து விசாரித்தது. சுமார் 300 கோடி பவுண்டு விற்றும் ஸ்டார்பக்ஸ் 14 ஆண்டுகளில் கட்டியிருந்த நிறுவன வரி 86 லட்சம் பவுண்டு. லாபத்தைக் கரைத்த வழிகளில் ஒன்று, நெதர்லாந்தில் இருந்த தன் துணை நிறுவனத்துக்கு அனுப்பிய ராயல்டி. உள்நாட்டுக் கிளை வெளிநாட்டு உறவு நிறுவனத்துக்கு, கையில் பிடிக்க முடியாத ஒன்றுக்காகப் பணம் அனுப்புகிறது: ஸ்ரீபெரும்புதூர் வழக்கின் வடிவமும் இதுவே. பிரிட்டனில் மக்கள் கடை வாசலில் மறியல் செய்தார்கள். நிறுவனம் தானாகவே 2 கோடி பவுண்டு கட்ட முன்வந்தது. அமெரிக்காவிலோ 2013 மே மாதம் ஆப்பிளை செனட் குழு விசாரித்தபோது, நாம்தான் ஆப்பிளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் செனட்டர் ராண்ட் பால்.

காப்பிக் கடை வாடிக்கையாளர் இருக்கும் தெருவை விட்டுப் போக முடியாது. அதனால் லண்டன்வாசி துணிந்து கோபப்படலாம். கைப்பேசி ஆலை போகலாம். ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளியின் கோபம் வரித் துறை மீது திரும்பியதற்கு இந்த வேறுபாடு போதும். பண்பாட்டைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. ஆலை போய்விடும் என்ற அச்சத்துக்கு 2005 ஏப்ரலில் மாநில அரசு நோக்கியாவுடன் செய்த புரிந்துணர்வு ஒப்பந்தமே அரசு முத்திரை குத்தியிருந்தது. உள்நாட்டு விற்பனை மீதான மதிப்புக் கூட்டு வரியையும் மத்திய விற்பனை வரியையும் திருப்பித் தர அது இசைந்தது. தொழிலாளர் ஒழுங்கின்மையைக் கட்டுப்படுத்தவென்று வளாகத்தைப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அறிவிக்கவும் இசைந்தது. வரி என்பது கம்பெனி இருப்பதற்காக அரசு விட்டுக்கொடுக்கும் பொருள் என்று ஒன்பது ஆண்டுகள் பழகிய ஊரில், வரி கேட்டதால்தான் கம்பெனி போனது என்ற விளக்கத்துக்குத் தனியாகச் சான்று தேவைப்படவில்லை.

தொழிலாளர்களே வரித் துறையைச் சாடினார்களே என்ற மறுப்பு நெடிய பதிலுக்கு உரியதல்ல. 2014 வசந்தத்தில் அவர்கள் நிறுவனத்திடம் வேலைக்கு உறுதியும், அரசுகளிடம் தலையீடும் கேட்டார்கள். பாதிக்கப்பட்டவரின் கோரிக்கைப் பட்டியலைக் காரணப் பட்டியலாகப் படிக்கக் கூடாது. 5,000 பேர் அளவில் விருப்ப ஓய்வு (விஆர்எஸ்) வாங்கிக்கொண்டு வெளியேறியதும் அந்த ஏப்ரல், மே மாதங்களில்தான். அதாவது உற்பத்தி நிற்பதற்கு ஐந்து மாதம் முன்பு.

முடக்கத்துக்கு நான் ஒதுக்கும் பொறுப்பு குறுகியது, ஆனால் உண்மையானது. 2014 நவம்பருக்குப் பிறகு கட்டடம் பூட்டிக் கிடந்த ஆண்டுகளுக்கு அது பதில் சொல்லியாக வேண்டும். 2018இல் இந்தியாவும் ஃபின்லாந்தும் இருநாட்டு உடன்பாட்டு நடைமுறையில் வழக்கைத் தீர்த்துக்கொண்டன, நோக்கியா 20.2 கோடி யூரோ, ஏறத்தாழ ரூ. 1,600 கோடி செலுத்தியது. வரியே தடையென்றால் அந்த ஆண்டே ஆலை கைமாறியிருக்கலாம். கைமாற்றம் அறிவிக்கப்பட்டது 2019 நவம்பரில். வாங்கியது அதே பூங்காவின் சால்காம்ப். அப்போது அதன் சார்ஜர்கள் போய்க்கொண்டிருந்தது ஆப்பிளுக்கு.