சூரிய மின்நிலையத் தொழிலாளர்

சூரிய மின்நிலையங்களில் மனித உழைப்புக்குரிய இடம், நிர்மாண காலத்தில் பெருகி, உற்பத்தி தொடங்கியதும் சுருங்கிவிடுவது அத்தொழிலின் சுபாவமாகும். இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில், சுமார் 2,500 ஏக்கர் பரப்பில், 25 லட்சம் தகடுகளோடு 648 மெகாவாட் திறனில் 2016இல் எழுந்த நிலையத்தை ஏறத்தாழ 8,500 பேர் எட்டே மாதங்களில் கட்டி முடித்தனர். கமுதிச் சீமையின் வெயிலில் தூண் நட்டு, தகடு பூட்டி, வடம் இழுத்த அக்கூட்டம் கலைந்தபின், தூசி துடைக்கும் பணியையும் தானியங்கிப் பொறிகளே ஏற்றுக்கொண்டன. இத்தகைய நிலையங்களில் எஞ்சுபவை காவல், புல்வெட்டு, பழுதுபார்ப்பு முதலியன. அவையும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியே வருபவை. தகட்டின்மேல் ஒளி விழுந்துகொண்டிருக்கும்வரை அதன் முனைகளில் மின்னழுத்தம் நீங்குவதில்லையாதலால், விசையை அணைத்துவிட்டோமென்று பழுதுபார்ப்போர் நிம்மதியாகத் தொடுவதற்கில்லை. கூரைமேல் அமைப்பவர்க்கோ தவறி விழும் அபாயமும் உண்டு.

இவ்வுழைப்பைத் தோட்டத் தொழிலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களுக்குக் கம்பம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் மலையேறும் பெண்களின் பிழைப்பும் சுகமானதன்று; ஆயினும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெருந்தோட்டங்களில் குடியிருப்பு, வைத்தியம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கிற்று. சூரியத் தொழிலுக்கென அத்தகைய தனிச் சட்டம் எதுவும் எழவில்லை.