பத்து வெள்ளிக்கு எவ்வளவு தூரம்?

மலேசியாவின் பெரோடுவா நிறுவனத்தின் முதல் காரான கஞ்சில் 1994 ஆகஸ்டு 29-இல் அறிமுகமானது. பத்து நாள் கழித்து, செப்டம்பர் 8-இல், தாய்லாந்து எல்லையிலிருந்து ஜொகூர் பாரு வரை ஓடும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. இரண்டும் பிரதமர் மகாதீர் காலத்துத் தொழில்வளர்ச்சிக் கனவில் பிறந்தவை. ஆனால் அந்தக் காருக்கு அந்தச் சாலை பொருந்தவில்லை. பாரிட் புந்தாரைச் சேர்ந்தவர்களுக்கு இது சீக்கிரமே புரிந்துவிட்டது. ஒரு டாங்கி எண்ணெயில் கஞ்சிலை அதிக தூரம் ஓட்ட வேண்டுமானால் டோல் சாவடிப் பக்கமே போகக் கூடாது. பாகான் செராயிலிருந்து ஊருக்குள் நுழைந்து நிபோங் திபால் பக்கம் போகும் பழைய கூட்டரசுச் சாலைதான் அதற்குத் தோது.

பேராவின் வடமேற்கு மூலையில், கிரியான் ஆற்றங்கரையில் இருக்கிறது பாரிட் புந்தார். ஆற்றுக்கு அப்பால் கெடாவின் பண்டார் பாரு. சற்று வடக்கே பினாங்கின் நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் கைகோக்கும் இடம். 1906-இல் நிறைவேறிய கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் புக்கிட் மேரா ஏரியின் நீரைக் கால்வாய்களில் கொண்டுவந்து, இந்தத் தாழ்நிலத்தை மலாயாவின் முக்கிய நெல்வயலாக்கியது. தமிழர்கள் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கூலா, ஜின் ஹெங் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அவர்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பருக்குப் பின் செம்பனை. 1910-இல் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது, ஆனால் தோட்டத்து லயங்கள் அதற்குப் பிறகும் பல தலைமுறைகளை வளர்த்தன.

மேடு பள்ளமில்லாத நிலம் இது. வாகனத்துக்கு இதைவிட அனுகூலமான தரை அமையாது. தெற்கே தைப்பிங் தாண்டி ஈப்போவுக்குப் போகும் வழியில் மெனோரா சுரங்கம் வரை மலையேற வேண்டும். வடக்கே பட்டர்வொர்த் வரை அந்தக் கவலை இல்லை.

தூரத்தைக் கட்டைக் கணக்கில், அதாவது மைலில், சொன்ன காலத்தில் தோட்டத்துக் கார் என்றால் துரையின் கார்தான். தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் அபூர்வமாக ஒன்று இருக்கலாம். பால்மரம் வெட்டியவர்களுக்குக் கால்நடை, அதற்குப் பிறகு சைக்கிள். பினாங்கு வணிகர் லோ பூன் சியூ 1958-இல் ஹோண்டா மோட்டார் சைக்கிள் விற்பனையைத் தொடங்கியபின் கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிள் மெல்ல மெல்லத் தோட்டத்துக்குள்ளும் வந்தது. எண்ணெய் கொஞ்சமாகக் குடிக்கும், எந்தச் செம்மண் பாதையிலும் போகும். ஆனால் மழைக்கு ஒதுங்க இடமில்லாத வாகனம். பிள்ளைக்கு ராத்திரியில் காய்ச்சல் என்றால் தாயும் தகப்பனும் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு நனைந்தபடியே போனார்கள்.

வேலையும் இடம் மாறியது. 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் அமைந்தது. பிறையிலும் தொழிற்சாலைகள் பெருகின. 1985-இல் பினாங்குப் பாலம் திறந்தது. ரப்பர் தோட்டங்களில் ஆள்குறைப்பு நடந்த அதே ஆண்டுகளில், தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலை பஸ்சுக்கு விடியலுக்கு முன்பே சாலையோரம் நின்றார்கள். ஷிப்டு மாறும்போதெல்லாம் பஸ் நேரமும் மாறும். ஓவர்டைம் செய்தால் திரும்பி வர வழி கிடையாது. சொந்தமாக ஒரு கார் இருந்தால் என்ற எண்ணத்தைத் தூண்டியது இந்த நெருக்கடிதான். 1985-இல் வந்த புரோட்டோன் சாகா நாட்டுக்குப் பெருமை தந்தது. ஆனால் அன்றாடக் கூலியில் வளர்ந்த குடும்பங்களுக்கு அதன் மாதத் தவணை எட்டவில்லை.

கஞ்சில் எட்டியது. ஜப்பானின் டைஹாட்சு மீராவை அடிப்படையாகக் கொண்ட கார் அது. ஜப்பானில் சின்னக் கார்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. 1990-இல் அவற்றின் எஞ்சின் உச்சவரம்பு 550-இலிருந்து 660 சி.சி. ஆனது. அந்த வரம்புக்குள் செய்த எஞ்சின்தான் மூன்று சிலிண்டர், 659 சி.சி., கார்புரேட்டருடன் பாரிட் புந்தார் வரை வந்து சேர்ந்தது. டாங்கியின் கொள்ளளவு 30 லிட்டரைச் சற்றே தாண்டும். ஜப்பானிய நகரத்தின் நெருக்கமான தெருக்களில் ஓரிருவர் போய்வர வடிவமைத்த வண்டியில் இங்கே ஐந்து பேர் ஏறினார்கள். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்கும், ஜூலையில் புனித அன்னாள் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாமுக்கும் போனார்கள். 2009-இல் உற்பத்தி நிற்கும்வரை 7 லட்சத்துக்கும் மேற்பட்ட கஞ்சில்கள் விற்றன. தோட்டம் விட்டுப் பட்டணத்துக்கு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கார் அதுதான், பெரும்பாலும் இரண்டாம் கையாக.

நெடுஞ்சாலை ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு எளிய இயற்பியல் காரணம் உண்டு. காற்று காரைத் தடுக்கும் விசை, வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். மணிக்கு 80 கி.மீ.யில் ஓடும் கார் 110-ஐத் தொட்டால் காற்றின் தடை ஏறத்தாழ 1.9 மடங்காகிறது. பெரிய எஞ்சினுக்கு அதைச் சமாளிக்கும் தெம்பு மிச்சமிருக்கும். 659 சி.சி. எஞ்சின் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தும். முடுக்கியை முழுக்க மிதித்தே ஓட்ட வேண்டும், கார்புரேட்டரும் எண்ணெயைத் தாராளமாக அள்ளி ஊற்றும். அதே கார் கூட்டரசுச் சாலையில் மணிக்கு 60, 70 என்று மேல் கியரில் சீராகப் போனால் முள் இறங்குவதே தெரியாது. டோல் கட்டணமும் மிச்சம். மெனோரா ஏற்றத்தில் ஏர்கோனை அணைத்துவிட்டு ஏறிய பழக்கமும் இந்த எஞ்சின் கற்றுக்கொடுத்ததுதான்: சின்ன எஞ்சினின் சக்தியில் ஏர்கோன் எடுத்துக்கொள்ளும் பங்கு பெரியது.

எண்ணெய் நிலையத்தில் லிட்டர் சொல்லிக் கேட்பவர் குறைவு. பத்து வெள்ளிக்கு, இருபது வெள்ளிக்கு என்றுதான் கேட்பார்கள். டாங்கியை நிறைத்துக் கணக்குப் பார்ப்பது சம்பள நாளுக்கு உரிய ஆடம்பரம். ஆகவே இந்த ஊரில் எரிபொருள் சிக்கனத்தின் வரலாற்றைப் பத்து வெள்ளியை அளவுகோலாக வைத்து எழுதுவதே நியாயம். கணக்குக்காக லிட்டருக்கு 15 கி.மீ. என்று நிதானமாக வைத்துக்கொள்ளலாம். பாரிட் புந்தாரிலிருந்து பட்டர்வொர்த் போய்த் திரும்பச் சுமார் 80 கி.மீ.

கஞ்சில் வந்த புதிதில் பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ 1 வெள்ளி 10 காசு. பத்து வெள்ளிக்கு 9 லிட்டர், 135 கி.மீ. பட்டர்வொர்த் போய்த் திரும்பியும் மறுநாள் ஊருக்குள் சுற்ற எண்ணெய் இருக்கும். 1983 முதல் நடப்பில் இருந்த விலை நிர்ணய முறையில், உலகச் சந்தை ஏறினாலும் அரசாங்கம் வரியைக் குறைத்தும் மானியம் கொடுத்தும் பம்பு விலையைப் பிடித்து வைத்திருந்தது. 2000-க்குப் பிறகு அந்தப் பிடி தளர்ந்தது. 2006 பிப்ரவரி கடைசியில் ஒரே தாவலில் 30 காசு ஏறி 1 வெள்ளி 92 காசானது. பத்து வெள்ளிக்கு 5.2 லிட்டர், 78 கி.மீ. போய்த் திரும்ப மயிரிழையில் போதாது.

2008 ஜூன் 4-ஆம் தேதி மாலை பிரதமர் அப்துல்லா அகமட் படாவி அறிவித்தது, நள்ளிரவு கடந்ததும் நடப்புக்கு வந்தது: லிட்டர் 2 வெள்ளி 70 காசு. 41 விழுக்காடு உயர்வு. அன்றிரவு நாடு முழுதும் எண்ணெய் நிலையங்களில் வரிசை சாலைவரை நீண்டது. பத்து வெள்ளி இப்போது 3.7 லிட்டர்தான், 55 கி.மீ. பட்டர்வொர்த் போகலாம், திரும்பி வர வேறு நோட்டு வேண்டும். ஈடாக, 2000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் கார்களுக்கு ஆண்டுக்கு 625 வெள்ளி, 250 சி.சி.க்கு உட்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு 150 வெள்ளி அஞ்சலகங்கள் வழியே தரப்பட்டது. 660 சி.சி. காருக்கும் 2000 சி.சி. காருக்கும் ஒரே தொகை என்பதைக் கவனிக்க வேண்டும். சின்னக் கார் வைத்திருந்தவருக்கு அந்தப் பணம் அதிக தூரத்துக்கு ஈடுகொடுத்தது. அந்த ஏற்பாட்டில் ஏழைக்குக் கிடைத்த நியாயம் அது ஒன்றுதான். ஆண்டு முடிவதற்குள் உலக விலை சரிந்து பம்பு விலையும் 1 வெள்ளி 80 காசுக்கு இறங்கியது. ஆனால் ஜூன் மாதத்து அதிர்ச்சி மறையவில்லை. கார் வாங்கப் போகிறவர்கள் அதன்பின் முதலில் கேட்டது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று.

அந்தக் கேள்விக்கு விற்பனையாளர்கள் எண்களால் பதில் சொல்லத் தொடங்கினார்கள். 2014 ஜனவரியில் வெளியான தேசிய வாகனக் கொள்கை, எரிசக்திச் சிக்கன வாகனங்களுக்கு வரையறை வகுத்தது: 801 முதல் 1,000 கிலோ வரையுள்ள கார் 100 கி.மீ.க்கு 5 லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. அதாவது லிட்டருக்கு 20 கி.மீ. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பெரோடுவா ஆக்சியா அதைத் தாண்டி 21.6 என்று அறிவித்தது. டாங்கி 33 லிட்டர். பெருக்கினால் 700 கி.மீ.க்கு மேல் வரும். பாரிட் புந்தாரிலிருந்து கோலாலம்பூர் போய்த் திரும்பியும் மிச்சமிருக்க வேண்டும். அந்த எண்ணை அப்படியே நம்பி யாரும் புறப்பட்டுவிடக் கூடாது.

அப்படிப்பட்ட எண்கள் பிறந்தது ஐரோப்பாவில், என்.இ.டி.சி. என்ற சோதனைச் சுற்றில். அதன் நகரப் பகுதியை 1970-லும் நெடுஞ்சாலைப் பகுதியை 1990-லும் வகுத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் நிற்கும் கார் 1,180 வினாடிகளில் சுமார் 11 கி.மீ. ‘ஓடும்’. சராசரி வேகம் மணிக்கு 34 கி.மீ.கூட இல்லை. வெயில் இல்லை, எதிர்காற்று இல்லை, ஏர்கோன் அணைந்தே இருக்கும். நடுப்பகலில் வயல்வெளியின் வெக்கையில் ஏர்கோன் இல்லாமல் ஓட்டுபவர் இந்த ஊரில் யார்? ஐரோப்பாவே இந்தச் சோதனையை நம்ப முடியாமல் 2017 முதல் கைவிட்டது. 2023-இல் வந்த புதிய ஆக்சியாவுக்கு 27.4 என்ற எண்ணோடு, மலேசியச் சாலைகளுக்கென வகுத்த சுற்றில் 25.3 என்ற எண்ணையும் பெரோடுவா சேர்த்துச் சொன்னது நல்ல மாற்றம். வாங்குபவருக்கு உரிய மரியாதை அது.

டாங்கி நிறைய இருக்கிறதா என்பது இன்னோர் எல்லையில் அரசாங்க விவகாரமாகவே ஆனது. மலேசிய எண்ணெய் மலிவு என்பதால் சிங்கப்பூர்க் கார்கள் ஜொகூர் பாருவில் நிரப்பிக்கொண்டு திரும்பின. 1989-இல் சிங்கப்பூர், பாதி டாங்கியாவது இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாதென்றது. 1991-இல் அதை முக்கால் டாங்கியாக உயர்த்தியது. மும்மாநில எல்லையில் இருந்தும் பாரிட் புந்தாருக்கு அந்தத் தொல்லை வந்ததில்லை; ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விலை.

2014 மார்ச் 1-இல் பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைக்கும் 24 கி.மீ. நீள இரண்டாம் பினாங்குப் பாலம் திறந்தபோது, பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போகும் வழி பாரிட் புந்தார்க்காரர்களுக்குச் சுருங்கியது. போக வர நாளுக்குச் சுமார் 100 கி.மீ. மாதம் 26 நாள் என்றால் 2,600 கி.மீ.; லிட்டருக்கு 15 என்ற பழைய கணக்கிலேயே 173 லிட்டர். 2025 செப்டம்பர் 30-இல் பொதுமக்கள் எல்லாருக்கும் நடப்புக்கு வந்த புடி 95 திட்டம், மைகார்டு அடையாள அட்டையைக் காட்டும் மலேசியருக்கு ரோன் 95 எண்ணெயை லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்கு, மாதம் 300 லிட்டர் வரை என்ற வரம்போடு தந்தது. வேலைக்குப் போய்வர அந்த வரம்பு தாராளமாகவே போதுமானதாக இருந்தது. ஓட்டுநர் உரிமம் இல்லாதவருக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. காரே ஓட்டாத பாட்டிமார்களின் மைகார்டை நீட்டிப் பயனில்லை.

உண்மையான எண் வேண்டுமென்றால் அவரவர் காரில்தான் அளக்க வேண்டும். பம்பு தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதே நிலையத்தில் அதே பம்பில் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு தடவை போதாது. டாங்கியின் கழுத்தில் சற்றுக் கூடக்குறைய நின்றாலே விடை மாறிவிடும். மீட்டர் முள்ளை நம்பவும் கூடாது. டாங்கிக்குள் மிதக்கும் ஒரு மிதவைதான் அதை அசைக்கிறது. பல கார்களில் மேல் பாதி மெதுவாகவும் கீழ்ப் பாதி வேகமாகவும் இறங்குவதற்கு டாங்கியின் வடிவம் காரணம்.

கிரியான் வட்டாரத்துக் கம்பங்களில் இன்னும் ஓடும் பழைய கஞ்சில்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். கார்புரேட்டர் தெரிந்த பட்டறைக்காரர் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பார். தேநீர் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி படிந்து கறுத்திருந்தால் எண்ணெய் வீணாகிறது. காற்றுவடிகட்டி அடைத்திருக்கலாம், சோக் திரும்பாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், மிதவைக் கிண்ணத்தின் ஊசி தேய்ந்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்து, ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, எஞ்சின் சத்தம் சீராகும்வரை காதை வைத்துக் கேட்டுவிட்டு, அடுத்த இரண்டு டாங்கிக்கும் கிலோமீட்டரை எழுதி எடுத்துவரச் சொல்லி அனுப்புவார்.