போல்ட் கழலாமல் பிடிக்கும் பசை: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

தைப்பிங்கில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லி மீட்டர் மழை பெய்யும் இந்த ஊரில், மோட்டார் சைக்கிள்களின் போல்ட், நட்டுகள் துருப்பிடிப்பதைப் பற்றித்தான் பலரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் துருவைவிட அதிக ஆபத்து, சத்தமில்லாமல் கழலும் போல்ட்டில் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் போய் வரும் கப்சாய் மோட்டாரில், பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் போல்ட் ஒன்று தளர்ந்தால், அது பெரும்பாலும் தெரியவருவது பிரேக் பிடிக்கும்போதுதான்.

போல்ட் ஏன் கழல்கிறது என்பதை 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதனை செய்து காட்டினார். மேலும் கீழுமான அதிர்வைவிட, இறுக்கிய இரண்டு பாகங்கள் பக்கவாட்டில் நூலளவு நகர்வதுதான் போல்ட்டைத் திருப்பிக் கழற்றுகிறது என்பது அவர் கண்டது. நாம் நம்பிப் போடும் ஸ்பிரிங் வாஷர் இந்த நகர்வைத் தடுப்பதில்லை. முழுதாக இறுக்கியதும் அது தட்டையாகிச் சாதாரண வாஷராகிவிடுகிறது, பூட்டும் சக்தி அதற்கு இல்லை என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1990இல் வெளியிட்ட போல்ட் கையேடே சொல்கிறது. வாஷரை இரண்டாகப் போட்டாலும் பயன் ஒன்றுதான்.

மரைக்குள் விடும் பசை இங்கேதான் உதவுகிறது. பட்டறைகளில் எந்தக் கம்பெனிப் பசையானாலும் ‘லோக்டைட்’ என்றே கேட்பார்கள். அந்தப் பெயரில் முதலில் பசை செய்தவர் வெர்னான் கிரீபிள், அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். 1953இல் அவர் தொடங்கிய நிறுவனம், 1997இல் ஜெர்மனியின் ஹென்கல் கைக்குப் போனது. அவருக்கு முன்பே இப்படிப்பட்ட திரவம் இருந்தது. ஆனால் உறையாமல் இருக்க அதற்குள் ஓயாமல் காற்றைக் குமிழாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. புட்டியில் அடைத்து விற்கும்படி அதைப் பக்குவப்படுத்தியதுதான் கிரீபிளின் சாதனை.

பசையின் குணமும் அதில் அடங்கிவிடுகிறது. காற்று இருக்கும்வரை அது திரவம். காற்று இல்லாத இடத்தில், இரும்பைத் தொட்டபடி மாட்டிக்கொண்டால் கெட்டியாகும். மரையின் இடுக்கில் இரண்டும் ஒன்றுசேர்கின்றன. வெளியே வழிந்த பசை நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும், அதைப் பார்த்து ‘பசை பிடிக்கவில்லை’ என்று நினைக்க வேண்டியதில்லை. சூப்பர் குளூ இதற்கு நேர் எதிர், காற்றிலுள்ள ஈரத்தால் உறைவது. தைப்பிங் போன்ற ஈரமான ஊரில் திறந்த சூப்பர் குளூ சீக்கிரம் கல்லாகிவிடுவது அதனால்தான். அதை மரையில் விட்டு ‘இதுவும் பசைதானே’ என்று சமாளிப்பவர்கள் உண்டு; அதிர்வில் அது உடைந்து பொடியாகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது புட்டியின் நிறத்தை அல்ல. லோக்டைட் வகைகளில் பல ஒரேபோல் சிவப்புப் புட்டியில்தான் வரும். உள்ளே உள்ள திரவத்தின் நிறமும் எண்ணும்தான் கணக்கு. ஊதா நிறமுள்ள 222 வலுக் குறைந்தது, சின்ன ஸ்குரூவுக்கு. நீலமான 242, 243 நடுத்தரம். கைக் கருவியால் கழற்றிவிடலாம். சிவப்பான 271 போன்றவை கடும் பிடி, கழற்ற 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு தேவைப்படும். பச்சையான 290, ஏற்கெனவே இறுக்கிய போல்ட்டின் ஓரத்தில் விட்டால் உள்ளே ஊறி இறங்கும் வகை. இந்த நிற வரிசை எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான சட்டம் இல்லை. வேறு பெயர் போட்ட புட்டி கையில் கிடைத்தால், நிறத்தை நம்பாமல் ‘நடுத்தர வலு, கழற்றக்கூடியது’ என்று லேபிளில் எழுதியிருக்கிறதா என்று படிப்பதே நல்லது.

வீட்டுக்கு ஒரே ஒரு புட்டி என்றால் அது 243ஆக இருக்கட்டும். 242ஐவிட இது லேசான எண்ணெய்ப் பிசுக்கைத் தாங்கும், ஸ்டெயின்லெஸ் போல்ட்டிலும் ஓரளவு நன்றாகப் பிடிக்கும். இரும்பில் பத்து நிமிட அளவில் பிடிக்கத் தொடங்கி, 24 மணி நேரத்தில் முழு வலுவை எட்டும். அதனால் காலையில் பசை போட்டு அதே காலையில் வேலைக்கு ஓட்டிப் போவதைவிட, மாலையில் வேலையை முடித்து இரவெல்லாம் விடுவது நல்லது.

சிவப்பு ‘பலமானது, அதனால் நல்லது’ என்ற எண்ணம் பல போல்ட்டுகளின் தலையை வாங்கியிருக்கிறது. 10ஆம் எண் ஸ்பானர் பிடிக்கும் போல்ட்டின் மரை பொதுவாக 6 மில்லி மீட்டர்தான். அதில் சிவப்பை விட்டால், பின்னால் கழற்றும்போது பசை விடுவதற்கு முன் போல்ட் முறியும். பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். சூடு காட்டலாம் என்றால், பக்கத்தில் பெட்ரோல் டாங்கியும் ரப்பர் சீலும் பேரிங்கும் இருக்கும். நெருப்பு காட்டாமல் சால்டரிங் இரும்பை போல்ட் தலையில் வைத்துச் சூடேற்றுவது பாதுகாப்பு. அப்போது எழும் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது.

பசை எங்கே வேண்டும் என்பதை மோட்டாரின் சர்வீஸ் புத்தகமே சொல்லும். டிஸ்க் போல்ட், ஸ்புரோக்கட் போல்ட் போன்ற இடங்களில் அது கேட்கப்படுவது வழக்கம். சில போல்ட்டுகள் தொழிற்சாலையிலேயே பசை பூசி வரும். அவற்றை ஒருமுறை கழற்றினால் புதிது போட வேண்டும் என்று புத்தகம் சொன்னால், புதிதுதான் போட வேண்டும். கார் சக்கர நட், ஸ்பார்க் பிளக், பிரேக் எண்ணெய்க் காற்றெடுக்கும் திருகு ஆகியவற்றில் பசைக்கு வேலையே இல்லை. 180 டிகிரிக்கு மேல் இந்த நீலப் பசை தாங்காது என்பதால் புகைக்குழாய் வாயிலும் வீண். பிளாஸ்டிக் மூடிகளில் பட்டால் சில வகைப் பிளாஸ்டிக் வெடிப்பு விடும். மரையே தேய்ந்து போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தால், அதைப் பசை காப்பாற்றாது. மரை கழன்றதற்கு மருந்து புது மரைதான்.

போடும் முறையில் பாதி வேலை சுத்தம் செய்வது. பழைய பசைத் துகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் அழுக்கை எடுத்தாலும் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். கடைசியாக பிரேக் கிளீனர் அடித்துக் காயவிட்டால்தான் பசை பிடிக்கும். நட் உட்காரும் இடத்தில் ஒன்றிரண்டு சொட்டு போதும். அடி அடைத்த துளையாக இருந்தால், சொட்டைத் துளைக்குள் விட வேண்டும். போல்ட்டில் மட்டும் தடவினால், உள்ளே அடைபட்ட காற்று பசையை மேலே தள்ளிவிடும்.

இனி வைத்திருக்கும் விஷயம். புது 10 மில்லி புட்டியைத் திறந்தவர் ‘பாதிதான் இருக்கிறது’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுண்டு. அந்தக் காலி இடம் ஏமாற்று அல்ல. உள்ளே காற்று இருந்தால்தான் பசை திரவமாக இருக்கும். புட்டியின் மெல்லிய பிளாஸ்டிக்கும் காற்று ஊடுருவக்கூடியதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டு புட்டி மிச்சத்தை ஒன்றாக்கி வாய்வரை நிரப்பினாலோ, மருந்துக் கண்ணாடிப் புட்டியிலோ தகர டப்பாவிலோ ஊற்றினாலோ உறைந்துபோக வாய்ப்பு அதிகம். புட்டியின் முனை போல்ட்டைத் தொடவும் கூடாது. ஒட்டி வரும் இரும்புத் தூள் உள்ளே போய், மிச்சப் பசையை அங்கிருந்தே கெட்டியாக்கத் தொடங்கும். வழிந்ததை வழித்துத் திரும்ப ஊற்றுவதும் அதே தவறு.

தயாரிப்பாளர் சொல்லும் நல்ல வெப்பம் 8 முதல் 21 டிகிரி. 28ஐத் தாண்டினால் தரம் கெடலாம். தைப்பிங் மதியம் அதைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. பூட்டிய காருக்குள்ளோ மோட்டாரின் இருக்கைக்கு அடியிலோ சொல்லவே வேண்டாம். தகரக் கூரையை ஒட்டிய பரணைவிட, சிமெண்டுத் தரையை ஒட்டிய கீழ் அலமாரி குளுமையானது. குளிர்பதனப் பெட்டி பெரும்பாலும் 8 டிகிரிக்குக் கீழே இருக்கும். போதாக்குறைக்கு உணவுப் பொருளோடு சேர்வதும் ஆபத்து. சின்னப் புட்டி கண் மருந்து போலவே இருக்கிறது. அதனால் பெரிய புட்டி மலிவாக வருகிறதே என்று வாங்காமல், வியாபாரம் சுறுசுறுப்பாக நடக்கும் உதிரிப்பாகக் கடையில், தேதியைப் பார்த்துச் சின்னதாக வாங்குவதே லாபம்.

பழைய புட்டி இன்னும் வேலை செய்யுமா என்று சந்தேகம் வந்தால், துருவில்லாத சாதாரண இரும்பு போல்ட், நட் ஒரு ஜோடியில் ஒரு சொட்டு விட்டு, இறுக்காமல் கையால் திருகி மறுநாள்வரை வைக்கவும். மறுநாள் நட் விரலால் சுழன்றால், அந்தப் புட்டியைப் பிரேக் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஸ்டெயின்லெஸ்ஸில் இந்தச் சோதனையைச் செய்தால், நல்ல பசையும் தாமதமாகப் பிடித்துக் கெட்டுப்போனதுபோல் காட்டும்.

கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். தினமும் இதில் வேலை செய்பவர்களுக்கு மட்டும், தொடர்ந்து தோலில் பட்டு அரிப்பும் சிவப்பும் வரலாம் என்பதால், ரப்பர் கையுறை பக்கத்தில் இருக்கட்டும்.