சட்டித்தலையனின் திணை: ரோபோ ஆர்ச்சி கதைகளில் வேகமும் பாத்திர வளர்ச்சியும்

சித்திரக்கதையில் நிகழ்ச்சிகள் விரைந்தோடினால் பாத்திரம் வளர இடமிராது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிவகாசியின் லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த ரோபோ ஆர்ச்சி அக்கருத்தை மறுக்கிறது என்பது என் வாதம்.

ஆர்ச்சி பிறந்தது 1952 பிப்ரவரியில், பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில். டெட் ரிச்சி, கென் டேல் என்னும் இரு நண்பர்கள் தொலைவிலிருந்து இயக்கிய இரும்புக் கருவி அது. பேசாது, தானாக எதையும் முடிவு செய்யாது. 1960களில் அதற்குக் குரல் வந்தது. கூடவே தற்பெருமையும் வந்தது. கோட்டை வடிவிலான கால இயந்திரத்தில் ஏறிப் பல யுகங்களுக்குப் போனது அதற்கும் பிறகுதான்.

பிரிட்டிஷ் ‘லயன்’ இதழில் வாரத்துக்கு ஓரிரு பக்கம்தான். ஆகவே ஒவ்வொரு தவணையும் ஓர் ஆபத்தில் நின்றாக வேண்டும். மறுவாரம் முதல் கட்டத்தில் பழைய நிலவரத்தைச் சொல்லிவிட்டு, அந்த ஆபத்தை அவிழ்த்து, அடுத்ததை முடிய வேண்டும். பிரிட்டிஷ் சிறுவன் அந்த முடிச்சை ஒரு வாரம் மனத்தில் சுமந்தான். தமிழில் இதே கதை ஒரே புத்தகமாக வந்தது. சேலம் பேருந்து நிலையத்தில் வாங்கிய இதழை ராசிபுரம் வருவதற்குள் முடித்துவிட்டு, நாமக்கல் வரை மீண்டும் முதலிலிருந்து படித்த நாட்கள் எனக்கு உண்டு. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய கதை ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

அந்த ஒரு மணி நேரத்தில் முடிச்சுகளின் கூர் மழுங்கிவிடுகிறது. இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை வரும் ஆபத்து நான்காம் முறை அச்சுறுத்துவதில்லை. ஆர்ச்சி தப்பிவிடுவான் என்று வாசகனுக்குத் தெரியும். ஆனாலும் பக்கம் புரள்கிறது. அடுத்து என்ன சொல்லி மார்தட்டப் போகிறான், எங்கே விழப் போகிறான் என்ற ஆவல்தான் புரட்டுகிறது. நிகழ்ச்சி இழந்த இழுவிசையைப் பேச்சு எடுத்துக்கொள்கிறது. வேகம் இங்கே பாத்திரத்தை நசுக்கவில்லை, முன்னால் தள்ளியிருக்கிறது.

இதில் தமிழின் பங்கு தனியானது. இயந்திரம் அஃறிணை, ‘வந்தது’ என்பதே இலக்கணம். ஆனால் தமிழ் வாசகர்களிடம் ஆர்ச்சிக்கு நிலைத்த பெயர் ‘சட்டித்தலையன்’. கேலிப்பெயர்தான், என்றாலும் அதன் ஈறு ‘அன்’. ஏசும்போதே அவனை உயர்திணையில் சேர்த்துவிட்டோம். மேலே அவன் பிறப்பைச் சொன்னபோது ‘அது’ என்று எழுதிய நானே பின்னர் ‘தப்பிவிடுவான்’ என்று மாறிவிட்டேன். பேச்சு வந்த பிறகு அவனை வேறு விதமாகச் சொல்ல வரவில்லை.

ஆயினும் இதை முழு வளர்ச்சி என்று சொல்லிவிட முடியாது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாவலும் வாரத் தொடராக, ஆனந்த விகடனில் வந்தது. இயந்திர நாய்க்குட்டியாக நுழையும் ஜீனோ புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, நாயகி நிலாவுக்குத் துணையாகிறது. ஒரு வாரம் கற்றது மறுவாரமும் அதனிடம் இருக்கிறது. ஆர்ச்சியோ ஒரு கதையில் பட்ட அடியை அடுத்த கதைக்குக் கொண்டுபோவதில்லை. ஆர்ச்சிக்குக் குணம் உண்டு, நினைவு இல்லை. ஆர்ச்சி தொடரின் உண்மையான குறை இதுவே. கதையின் வேகத்தின் மேல் இந்தப் பழியைப் போடுவது தவறு.

இந்த வாதத்துக்கு இன்னும் சான்று வேண்டும்: தமிழில் தவணைகள் எங்கே ஒட்டப்பட்டன, எந்தக் கட்டம் வெட்டப்பட்டது, எந்த வசனம் புதிதாகச் சேர்ந்தது என்பதையெல்லாம் பழைய தமிழ் இதழ்களின் பக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டால்தான் நிறுவ முடியும். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பரண்மேல் அந்த இதழ்களை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படியெடுக்கவாவது ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள்.