டால்ஸ்டாய் பண்ணையின் தச்சுப் பட்டறை

மணிமங்கலம் என்றாலே இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற போர்தான் ஞாபகம் வரும். நானும் அதைப் பற்றித்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். இந்த முறை போர் இல்லை, ஒரு ஸ்டூல்.

ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் வந்து இறங்கும் பைன் மரப் பெட்டிகளின் பலகை இங்கே மலிவாகக் கிடைக்கும். கொஞ்சம் வாங்கி மொட்டை மாடியில் ஸ்டூல் செய்தேன். ஆடியது. ஒரு காலை அறுத்தேன், வேறு பக்கம் ஆடியது. பக்கத்து வீட்டுக்குக் கதவு மாட்ட வந்த ஆசாரி ஒருவர் பார்த்துச் சிரித்தார்.

"இப்படியே அறுத்துக்கிட்டுப் போனா மணையாத்தான் முடியும் சார். குட்டைக் காலுக்குச் சக்கை வெச்சு மேல்பலகையை மட்டம் பண்ணுங்க. அப்புறம் நாலு காலுக்கும் தரையிலேர்ந்து ஒரே உயரத்துல கோடு போட்டு அறுங்க."

பக்கத்தில் உட்கார்ந்து முதல் கோட்டை அவரே போட்டார். காசு வாங்கவில்லை.

தச்சுக் குடும்பத்தில் பிறக்காத ஒருவனுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொள்ள முன்பெல்லாம் என்ன வழி இருந்தது என்று அன்றைக்கு யோசித்தேன். நம் ஊரில் தச்சு பெரும்பாலும் பிறப்போடு வந்த தொழில். அதோடு சேர்ந்து கட்டுப்பாடுகளும் வந்தன. கரூர், பேரூர் கல்வெட்டுகளில், கொங்கு நாட்டுக் கம்மாளர்கள் செருப்புப் போடவும், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும், நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதவும் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயருள்ள அரசன் அனுமதி தருகிறான். செருப்புக்கே அரசாணை வேண்டியிருந்திருக்கிறது!

இந்த வேலி தாண்டப்பட்ட ஓர் இடம் தேடினால், கடல் கடந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே, ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர் தன் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளுக்குக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. சிறைக்குப் போனவர்களின் குடும்பங்கள் குறைந்த செலவில் சேர்ந்து வாழ ஓர் இடம். தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர் எல்லாரும் இருந்தார்கள்.

வீடு கட்ட வேண்டும், கையில் பணம் குறைவு. இந்தியத் தச்சர் ஒருவர் கூலியே வாங்காமல் வேலை செய்தார். மற்ற தச்சர்களையும் குறைந்த கூலிக்கு அழைத்துவந்தார். எடுபிடி வேலையைப் பண்ணைவாசிகளே பார்த்தார்கள். பிறகு பெஞ்சு முதல் பெட்டி வரை தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டார்கள். பட்டறைக்குத் தலைவர் காலன்பாக். அவர் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். அவரிடம் காந்தி கற்று, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இந்தப் பட்டறை எப்படி ஓடியது என்பதற்கு 'சத்திய சோதனை'யில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. எந்த வேலையானாலும் பெரியவர் ஒருவர் கூடவே நின்று செய்வார். அதனால் பிள்ளைகள் சந்தோஷமாகக் கற்றார்கள் என்கிறார் காந்தி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அரைகுறைத் தமிழில் தமிழ் கற்பித்தபோதும், தனக்குத் தெரியாததை அவர் மறைக்கவில்லை.

பண்ணை சில ஆண்டுகள்தான் நடந்தது. அங்கே செய்த பெஞ்சுகள் அழகாக இருந்தனவா என்பது முக்கியமில்லை. அவை அன்றாடம் புழங்கின. புதிதாக உளி பிடிக்கிறவனுக்கு "சூப்பர்" என்ற பாராட்டு ஒரு நாளைக்குத்தான் தாங்கும். பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டுக் காட்டுகிற கைதான் அவனை அடுத்த பலகை வரைக்கும் கொண்டுபோகிறது.

ஸ்டூல் இப்போது ஆடுவதில்லை. இரண்டு அங்குலம் குட்டை, அவ்வளவுதான். அடுத்த தெருப் பையன் தானும் ஒன்று செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். முதல் கோடு நான் போடுவேன்.