வெற்றிடத்தின் இலக்கணம்: பைத்தான் உள்தள்ளலின் வரலாறு

பைத்தான் கற்கத் தொடங்கும் மாணவரை முதலில் தடுத்து நிறுத்துவது பல வேளைகளில் எழுத்துப் பிழையன்று. வரியின் முன்னுள்ள வெற்றிடம். 'இன்டென்டேஷன் எரர்' என்னும் செய்தியை மொழியின் பிடிவாதமாகவே பலர் கருதுகின்றனர். வரலாறு வேறொன்றைக் கூறுகிறது.

அல்கால் 60 மொழி கட்டளைத் தொகுதிகளைப் 'பிகின்', 'எண்ட்' என்னும் சொற்களால் வரையறுத்தது. பின்வந்த 'சி' மொழி நெளிவு அடைப்புக்குறிகளைக் கையாண்டது. இரண்டிலும் உள்தள்ளல் மனிதக் கண்ணுக்கு மட்டுமே உரியது. கண் காண்பதும் கணினி கொள்வதும் முரண்பட அங்கே இடமிருந்தது. அம்முரண் எவ்வளவு நீடித்தது என்பதற்கு 2014இல் வெளிப்பட்ட ஆப்பிள் பாதுகாப்புப் பிழை சான்று. 'சி' நிரலில் 'கோட்டு ஃபெயில்' என்னும் வரி தவறுதலாக இருமுறை இடம்பெற்றது. இரண்டாவது வரி நிபந்தனைக்கு உட்பட்டதுபோல் உள்தள்ளப்பட்டிருந்தும், அடைப்புக்குறி இன்மையால் எப்போதும் இயங்கியது. கையொப்பச் சரிபார்ப்பு நிகழாமலே போனது.

உள்தள்ளலையே இலக்கணமாக்கும் 'ஆஃப்சைடு' விதியை 1966இல் பீட்டர் லாண்டின் முன்வைத்தார். ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்தில் உருவான ஏபிசி மொழியும் உள்தள்ளலாலேயே தொகுதிகளைக் குறித்தது. அம்மொழிப் பணியில் பங்கேற்ற கீடோ வான் ராசம், 1989 டிசம்பரில் தொடங்கிய பைத்தானில் அதனைப் பின்பற்றினார்.

எனினும் பழைய முரண் வேறு வடிவில் திரும்பியது. பைத்தான் 2 ஒரு டேப்பை எட்டின் மடங்குவரை நீளும் இடைவெளியாகக் கணக்கிட்டது. நான்கு இடைவெளியாகக் காட்டும் திரையில், வெவ்வேறு தொகுதிகளைச் சேர்ந்த வரிகள் ஒரே நேர்கோட்டில் தோன்றின. 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3, பொருள் மயக்கம் தரும் அத்தகைய கலப்பைப் பிழையென்றே அறிவித்தது.

ஆகவே பிழைச்செய்தி மறையும்வரை இடைவெளிகளைக் கூட்டிக் குறைப்பது திருத்தமாகாது. பட்டியலின் எண்களைக் கூட்டும் செயற்கூற்றில் 'ரிட்டர்ன்' வரி ஒரு படி உள்ளே நகர்ந்து சுழற்சிக்குள் புகுந்தால், முதல் எண்ணோடு கணக்கு முடிந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. விடை மட்டுமே தவறும். செய்தி சுட்டும் வரியோடு அதற்கு முந்தைய வரிகளையும் நோக்கி, 'இவ்வரி எதற்கு உட்பட்டது?' என ஒவ்வொரு வரியிடமும் வினவுவதே முறையான திருத்தம். அவ்வினாவிற்கான விடை நிரலை எழுதுபவரிடம் மட்டுமே உள்ளது. எந்த மொழியும் அதனை அவருக்காக ஊகித்துவிட இயலாது.