மருந்தும் உணவும்: காசநோய்த் தடுப்பில் சென்னை ஆய்வு விட்டுவைத்த கேள்வி

காசநோய் மருத்துவ வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அம்மையம் நடத்திய ஆய்வு சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. நோயாளியை வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்ற அதன் முடிவு இன்றும் அசையாமல் நிற்கிறது. ஆனால், 'காசநோய்க்கு மருந்து போதும், உணவு இரண்டாம்பட்சம்' என்று பின்வந்தோர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடத்தை அந்த ஆய்வின் தரவுகள் தாங்கா என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சென்னை ஆய்வு அளந்தது என்ன?

சளியில் கிருமி உள்ள நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவு சானடோரியத்திலும் மற்றொன்று வீட்டிலும் ஓராண்டு ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். மருந்துகளை உட்கொண்டது. வீட்டிலிருந்தோருக்கு நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த ஓய்வு, குறைந்த ஊட்டம். சானடோரியத்திலோ நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. 1959இல் வெளியான அறிக்கையின்படி, ஓராண்டு முடிவில் நோய் அடங்கியோர் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு, சானடோரியப் பிரிவில் 92 விழுக்காடு. உணவின் பங்கை மட்டும் தனியே ஆராய்ந்த 1961ஆம் ஆண்டுக் கட்டுரையும், சானடோரியத்தாரின் எடை கூடுதலாக ஏறியபோதிலும் கிருமி நீங்குவதில் அதற்கேற்ற ஆதாயம் தென்படவில்லை என்றே கூறியது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. படுக்கை கிடைக்காமல் காத்திருந்த ஏழைகளுக்கு வீட்டு வாசலிலேயே சிகிச்சை சாத்தியமாயிற்று. ஆனால் இந்த ஆய்வு அளந்தது, ஏற்கெனவே நோயுற்றவரின் உடலிலிருந்து கிருமி நீங்குகிறதா என்பதை. வீட்டாருக்கு நோய் தொற்றுவது பற்றிய ஐந்தாண்டுக் கண்காணிப்பும், நோயாளியைப் பிரித்துவைப்பதால் கூடுதல் பாதுகாப்பு இல்லை என்பதையே நிறுவியது. குடும்பத்தின் உணவு அங்கே சோதிக்கப்பட்ட காரணியே அல்ல. சோதிக்கப்படாத ஒன்றைப் பயனற்றது என்று கொள்வது முறையன்று.

தடுப்பில் இருந்த வெற்றிடம்

தடுப்புக்குத் தடுப்பூசியே போதும் என்ற நம்பிக்கையும் தமிழ் மண்ணில்தான் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கி நடந்த பி.சி.ஜி. ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளைத் தாக்கும் கொடிய வகைகளுக்கு எதிராக அதன் பயன் வேறு ஆய்வுகளில் உறுதிப்பட்டதால் அது தொடர்கிறது. ஆயினும் நோயாளியுடன் ஒரே கூரையின்கீழ் வாழும் பெரியவரைக் காப்பது எது என்ற கேள்வி எஞ்சியது.

கிருமி உடலில் புகுந்த அனைவரும் நோயுறுவதில்லை. பெரும்பாலோரிடம் டி-செல்களும் விழுங்கு செல்களும் கிருமியைச் சூழ்ந்து சிறைப்படுத்துகின்றன. நெடுநாள் பசி இந்தக் காவலைத் தளர்த்துகிறது. எனவே உணவின் விளைவைத் தேட வேண்டிய முதல் இடம், தொற்று நோயாக மாறும் அந்தக் கட்டமே.

ஜார்க்கண்டில் கிடைத்த விடை

அனுராக் பார்கவா, மாதவி பார்கவா உள்ளிட்டோர், சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாருடன் இணைந்து நடத்திய 'ரேஷன்ஸ்' ஆய்வு இந்தக் கட்டத்தைத்தான் குறிவைத்தது. சென்னை ஆய்வை நடத்திய அதே மையத்தின் இன்றைய வடிவமே இந்நிறுவனம். 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேர் கண்காணிக்கப்பட்டனர். ஒரு பிரிவில் வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ துவரம் பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் வழங்கப்பட்டன. மறுபிரிவில் நோயாளிக்கு மட்டுமே உணவு. 2023இல் வெளியான முடிவு: உணவு பெற்ற வீட்டாரில் 1.7 விழுக்காட்டினரும், பெறாதோரில் 2.6 விழுக்காட்டினரும் நோயுற்றனர். பிற காரணிகளைச் சரிக்கட்டிய பின் காசநோய் 39 விழுக்காடும், கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் 48 விழுக்காடும் குறைந்தன. செங்கல்பட்டில் தடுப்பூசி தராத பாதுகாப்பில் ஒரு பகுதியை இங்கே அரிசியும் பருப்பும் தந்தன.

இரு மறுப்புகள்

முதல் மறுப்பு, ஜார்க்கண்டின் பழங்குடிக் குடும்பங்களில் கண்டது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பது. இது ஓரளவு சரியே. அங்கு நோயாளிகளில் ஐவரில் நால்வர் ஊட்டக் குறைவுடையோர். ஊட்டம் மிக்க குடும்பத்தில் இதே பயனை எதிர்பார்க்க முடியாது. ஆனால் நம் நாட்டின் காசநோய் அதிகம் குடியிருப்பது எளியோர் வீடுகளில்தான்.

இரண்டாவது மறுப்பு இறப்பு பற்றியது. ரேஷன்ஸ் ஆய்வின் நோயாளிகளில், முதல் இரு மாதங்களில் எடை 5 விழுக்காடு ஏறியவர்களிடம் இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைந்திருந்தது. நோயாளிகள் அனைவருமே உணவு பெற்றதால் இது தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தடுப்பு பற்றிய முடிவு குலுக்கல் முறை ஒப்பீட்டில் பிறந்தது. அதற்கு இந்தக் குறை இல்லை.

செய்ய வேண்டியது

எடை குறைந்த நோயாளியை முதல் நாளிலேயே அடையாளம் காண முடியும் என்பதைத் தமிழ்நாடு காட்டியுள்ளது. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் உடல் நிறைக் குறியீடு, கால்வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டே அபாய நிலையில் இருப்போர் தேர்ந்தெடுக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். அடுத்த படி வீட்டாரைச் சென்றடைவது. 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வழங்கிவந்த மைய அரசு, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. ஆனால் வீட்டாருக்கான உணவுப் பொட்டலம் பெரிதும் நன்கொடையாளர்களின் மனத்தைப் பொறுத்தே இருக்கிறது. 39 விழுக்காடு நோயைக் குறைக்கும் தடுப்பூசி ஒன்று நாளை வந்தால், அதை நன்கொடைக்கு விடுவோமா?

அரிசியும் துவரம் பருப்பும் கொண்டு சேர்க்க நியாயவிலைக் கடைகள் தெருத்தோறும் உள்ளன. நோயாளியின் பதிவைக் குடும்ப அட்டையுடன் இணைத்து, அடையாளம் மறைத்து, சிகிச்சைக் காலம் முழுதும் வீட்டார் அனைவருக்கும் கூடுதல் அரிசியும் பருப்பும் உரிமையாக வழங்க வேண்டும். அது ஈகையாக அன்றி, மருந்துச் சீட்டின் பகுதியாகவே அமைய வேண்டும். ஏழையை அவன் வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று உலகுக்குச் சொன்ன ஊர் சென்னை. அந்த வீட்டில் உலை கொதிப்பதும் மருத்துவத்தின் பொறுப்பு என்று சொல்லும் கடமையும் அதற்கு உண்டு.